பேச்சுக்குக் கொடுத்த கப்பல்

கப்பல் கைமாறிப் போன பிறகுதான், தான் என்ன சொல்லித் தொலைத்தோம் என்பது ஃபரிபோர்ஸுக்கு உறைத்தது.

திரையில் பச்சை எழுத்து மினுக்கியது. "மஹ்ஷீத் என்ற சரக்குக் கப்பலின் புதிய உரிமையாளர்: தீர்தாத்."

காதில் மாட்டியிருந்த ஹெட்போனில் தீர்தாதின் குரல் தழுதழுத்தது. "ஐயா, என்ன சொல்றதுன்னே தெரியல. நீங்க இவ்ளோ வற்புறுத்தறப்ப நான் எப்படி மறுக்கறது?"

"சேச்சே, இதெல்லாம் ஒரு விஷயமா?" என்றது ஃபரிபோர்ஸின் நாக்கு. அந்த நாக்கு என்றைக்குமே அவரைக் கேட்டுக்கொண்டு பேசியதில்லை.

ஷிராஸ் நகரத்தில் பகல் முழுக்க மூக்குக்கண்ணாடி விற்பவர் ஃபரிபோர்ஸ். சாயங்காலம் வீட்டுக்கு வந்து கணினி முன்னால் உட்கார்ந்துவிட்டால் விண்வெளிக் கப்பலின் கேப்டன். பதினைந்து வருடமாக ஒரே விளையாட்டு, ஒரே கப்பல். அந்த விளையாட்டில் எதுவும் சும்மா கிடைக்காது. கிரகத்துக்குக் கிரகம் தாது சுமந்து, கொள்ளைக்காரர்களிடம் உதை வாங்கி, ஒவ்வொரு பாகமாகச் சேர்த்துக் கட்டிய கப்பல் அது. கல்யாணம் நிச்சயமாகி, இப்போது மனைவியான மஹ்ஷீத் படிப்புக்காகத் தப்ரீஸில் இருந்த காலத்தில், பிரிவாற்றாமையில் அவள் பெயரையே அதற்கு வைத்தார்.

அவளுக்கு விளையாடத் தெரியாது. ஆனால் வெள்ளிக்கிழமை மதியம் சாப்பாடு முடிந்ததும் தேநீர்க் கோப்பையோடு அவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்துவிடுவாள். "இன்னிக்கு எங்க?" என்பாள். அவர் கப்பலை ஏதாவது ஒரு கிரகத்துக்கு ஓட்டிப்போய், சூரியன் உதிக்கிற பக்கமாகத் திருப்பி நிறுத்துவார். இருவரும் பேசாமல் பார்த்துக்கொண்டிருப்பார்கள். ஒரு வெள்ளிக்கிழமைகூடத் தவறியது கிடையாது.

அப்பேர்ப்பட்ட கப்பலைத்தான் கொடுத்துவிட்டார்.

எங்கள் ஊரில் ஒருவர் உங்கள் சட்டையைப் பார்த்து நன்றாயிருக்கிறது என்றால், "உங்களுக்குத்தான், எடுத்துக்குங்க" என்று நீங்கள் சொல்ல வேண்டும். அவர் வேண்டாம் என்பார். நீங்கள் மறுபடி சொல்வீர்கள், அவர் மறுபடி மறுப்பார். மூன்றாம் தடவையோடு இரண்டு பேரும் கௌரவமாக விலகிக்கொள்வீர்கள். சட்டை உங்கள் உடம்பிலேயே இருக்கும். டாக்சிக்காரர்கூட இறங்கும்போது கூலி வேண்டாம் என்றுதான் சொல்வார். அதை நம்பி நடையைக் கட்டியவன் யாரும் கிடையாது.

மூன்று தடவை சொல்வது ஊர் உலகம் செய்வது. ஃபரிபோர்ஸ் அதோடு நிறுத்துகிற ரகம் இல்லை. எதிராளி களைத்துப்போய் உட்காரும்வரை உபசரிப்பார். அதில் அவருக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு.

அன்றைக்கு விண்வெளி நிலையத்தில் பக்கத்தில் வந்து நின்ற புதுப் பையன் தீர்தாத், "என்ன அழகான கப்பல் ஐயா!" என்றான். அவ்வளவுதான். "உங்க முன்னாடி இது என்ன பெரிசு, எடுத்துக்குங்க" என்று ஆரம்பித்தார். பையன் மறுத்தான். தலை மேல் சத்தியம் செய்தார். மறுத்தான். "நீங்க எடுத்துக்கலைன்னா என் மனசு உடைஞ்சுடும்" என்றார். அப்போதும் மறுத்தான். உபசாரத்துக்கு ஒரு மெருகு இருக்கட்டும் என்று, கப்பலைக் கைமாற்றுகிற பொத்தானையும் அழுத்தி வைத்தார். மறுமுனையில் 'பெற்றுக்கொள்' என்பதை எந்த மானமுள்ள மனிதனும் அழுத்த மாட்டான் என்ற தைரியம்தான்.

அழுத்திவிட்டான்.

இப்போது நிலையத்தின் மூலையில், புதிதாகச் சேருகிறவர்களுக்கு இலவசமாகத் தரும் தகர டப்பாப் படகு ஒன்றில் ஃபரிபோர்ஸ் உட்கார்ந்திருந்தார். யோசித்து யோசித்து ஒரு முடிவுக்கு வந்தார். இவன் நம் ஊரில் வளர்ந்தவனாக இருக்க முடியாது. பேச்சிலும் லேசாக ஒரு இழுவை. நிச்சயம் வெளிநாட்டில் வளர்ந்த பிள்ளை. பேச்சுக்குச் சொல்வதை நிஜமென்று நம்பிவிட்டான்.

சமையலறையிலிருந்து மஹ்ஷீத் குரல் கொடுத்தாள். "வெள்ளிக்கிழமை எங்க கூட்டிட்டுப் போற?"

"வளையம் போட்ட கிரகத்துக்கு" என்றார் ஃபரிபோர்ஸ். பார்வை தகரப் படகின் மேலேயே இருந்தது.

மறுநாள் கடைக்கு வந்ததும் முதல் வேலையாகப் பக்கத்துக் கடை ஹூமனைப் பிடித்தார். செல்போன் உறை விற்கும் ஹூமனும் அதே விளையாட்டுக்காரன்தான்.

"நீ போய் அவன்கிட்ட கப்பலைப் பத்திப் புகழ்ந்து பேசு. நான் பண்ணினதைப் பாத்து அவனும் எடுத்துக்குங்கன்னு சொல்வான். டக்குனு வாங்கிட்டு வந்துடு. வெளிநாட்டுப் பையன், தப்பா நினைக்க மாட்டான்."

"இவ்ளோதானே? அரை மணி நேரத்துல கப்பல் உன் கையில" என்றான் ஹூமன்.

அரை மணியில் வந்தான். முகம் சரியில்லை.

"என்னடா ஆச்சு? குடுக்கலையா?"

"குடுத்தான்."

"அப்புறம்?"

"வேண்டாம்னுட்டேன்."

"ஏண்டா!"

"ஒரு மனுஷன் எடுத்துக்குங்கன்னு சொன்னதும் கையை நீட்டினா அசிங்கமா இருக்காதா? ரெண்டாம் தரம் சொன்னான், வாய் தானா வேண்டாம்னுது. சரி, இன்னொரு தரம் கேட்டா வாங்கிடலாம்னு பாத்தேன். கேட்டான். அதுக்கும் வாய் வேண்டாம்னுடுச்சு. அத்தோட நிறுத்திட்டான்."

"நிறுத்திட்டானா? பாத்தியா, மேற்கொண்டு கேக்கக்கூடத் தெரியல. வளந்த இடம் அப்படி" என்று தலையில் கை வைத்துக்கொண்டார் ஃபரிபோர்ஸ்.

"இன்னொண்ணு. சும்மா திரும்பி வர ஒரு மாதிரியா இருந்துச்சு. அதனால, 'கப்பல் சரியான கைக்குப் போய்ச் சேந்துடுச்சுன்னு எங்க ஃபரிபோர்ஸ் ஒரே சந்தோஷமா இருக்காரு'ன்னு சொல்லிட்டு வந்தேன்."

ஃபரிபோர்ஸ் ஹூமனுக்கு எதிரில் கிடந்த கத்திரிக்கோலை எடுத்துத் தள்ளி வைத்தார், தன் கைக்கு எட்டாத தூரத்தில்.

வியாழக்கிழமை மாலை, மானம் மரியாதையை மூட்டை கட்டி வைத்துவிட்டு நேரடியாகவே கேட்டுவிடுவது என்று உட்கார்ந்தார். தீர்தாத் அகப்பட்டான்.

"எப்படியிருக்கு தம்பி கப்பல்?"

"ஐயா, அதைப் பத்தித்தான் நானே பேசணும்னு இருந்தேன். எனக்கு இது ரொம்ப அதிகம். நீங்களே திரும்ப எடுத்துக்குங்களேன்."

ஃபரிபோர்ஸின் நெஞ்சு துள்ளியது. சரி என்று ஒரு வார்த்தை. அதைச் சொல்லத்தான் வாயைத் திறந்தார்.

"என்ன பேச்சு தம்பி இது? குடுத்ததைத் திருப்பி வாங்கற குடும்பமா நாங்க?"

"இல்ல ஐயா, நெஜமாத்தான் சொல்றேன்."

"உங்க உசிரு மேல சத்தியமா, முடியாது."

"ஐயா, தயவுசெஞ்சு..."

"நான் செத்தாலும் வாங்க மாட்டேன்!"

எதிர்முனை அமைதியாகிவிட்டது. ஃபரிபோர்ஸ் காத்திருந்தார். இன்னும் ஒரே ஒரு தடவை, ஒப்புக்காவது ஒரு தடவை கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. அந்த மௌனம் சங்கடமாக இருந்ததால் நாக்கு மறுபடி கிளம்பியது.

"ஒருநாள் நம்ம வீட்டுக்குச் சாப்பிட வரணும் நீங்க."

"உங்களுக்கு எதுக்கு ஐயா சிரமம்?"

"சிரமமா! அப்பா அம்மாவையும் கூட்டிட்டு வாங்க. நாளைக்கே வாங்க. வரலைன்னா நாங்களும் சாப்பிட மாட்டோம்."

பையன் வேறு வழியில்லாமல் சரி என்றான்.

"திடீர்னு நாளைக்கு விருந்தாளியா? யாரு?" என்றாள் மஹ்ஷீத்.

"கப்பல் சம்பந்தமாப் பழக்கம். வெளிநாட்டுல இருந்துட்டு வந்தவங்க. பாவம், நம்ம பழக்கவழக்கம் தெரியாது. நீ ஒண்ணும் கண்டுக்காத."

"சரி. அவங்க கிளம்பினதும் நாம வளையக் கிரகம் போகணும், ஆமா."

வெள்ளிக்கிழமை, சொன்ன நேரத்துக்குச் சரியாக அழைப்புமணி அடித்தது. "பாத்தியா, நேரத்துக்கு வர்றாங்க. நம்ம ஊர்க்காரன் எவன் வருவான்?" என்று கிசுகிசுத்தார் ஃபரிபோர்ஸ்.

தீர்தாத் இருபது வயசு ஒல்லிப் பையன். அவன் அம்மா கையில் இனிப்புப் பெட்டியோடு கலகலவென்று வந்தாள். அப்பா பருத்த ஆள். நெஞ்சில் கை வைத்துத் தலை குனிந்தாரே தவிர வாய் திறக்கவில்லை. வாசலில் யார் முதலில் நுழைவது என்பதில், அவர்களும் "நீங்க போங்க, நீங்க போங்க" என்று நிற்கத்தான் செய்தார்கள். வருவதற்கு முன் எங்கேயோ பார்த்துக் கற்றுக்கொண்டிருக்கிறார்கள் என்று ஃபரிபோர்ஸுக்கு உள்ளூர இரக்கமாக இருந்தது. எந்த நாட்டில் இருந்தீர்கள் என்று கேட்கவில்லை. கேட்டால் குத்திக்காட்டியதுபோல் ஆகிவிடும்.

மஹ்ஷீத் கலம் பொலோ செய்திருந்தாள். முட்டைக்கோஸும் சின்னச் சின்ன இறைச்சி உருண்டைகளும் போட்ட சோறு, நாரத்தஞ்சாறு பிழிந்த வெள்ளரிக்காய் சாலட். விருந்தாளிகள் ருசித்துச் சாப்பிட்டார்கள். தீர்தாதின் அம்மா, சாப்பிட்டுக்கொண்டே சொன்னாள்:

"உங்க வீட்டுக்காரர் மாதிரி தாராள மனசை நான் கண்டதே இல்லம்மா. எவ்ளோ பெரிய கப்பல்! அதுக்குப் பேருகூட உங்க பேருதானாமே?"

மஹ்ஷீத் கரண்டியை மெதுவாகக் கீழே வைத்தாள். அவள் புருஷனைப் பார்த்தாள். புருஷன் சாலட்டைப் பார்த்தார்.

"உங்க பிள்ளைக்கு முன்னாடி அது என்ன பெரிசு" என்றாள் பல்லைக் கடித்துக்கொண்டு. பிறகு, "ஃபரிபோர்ஸ் ஜான், உள்ள வந்து தேநீர் சமோவாரைக் கொஞ்சம் பாரேன்" என்றாள் தேனொழுக, செல்லமாக 'ஜான்' சேர்த்து.

சமையலறைக் கதவு மூடியது.

"குடுத்துட்டியா?"

"பேச்சுக்குத்தான் சொன்னேன். அவன் நெஜம்னு..."

"எனக்கு ஏணியில ஏறினாலே தலை சுத்தும். ஒரு தடவைகூட விமானத்துல ஏறினதில்ல. நான் பாத்த தூர தேசமெல்லாம் அந்தக் கப்பல் சன்னல் வழியாப் பாத்ததுதான். பதினஞ்சு வருஷம். அதை எவனுக்கோ தூக்கிக் குடுத்துட்டு வந்து சோறு போடுன்னியே, உனக்கு எப்படி மனசு வந்துச்சு?"

அவள் கண்ணில் நீர் நின்றது. இத்தனை வருடமும் தன்னோடு சும்மா துணைக்கு உட்கார்ந்திருந்தாள் என்றுதான் ஃபரிபோர்ஸ் நினைத்திருந்தார். அவளும் பயணம் வந்துகொண்டிருந்தாள் என்பது இப்போதுதான் தெரிந்தது.

"போய்க் கேளு. திருப்பிக் குடுங்கன்னு கேளு. ரெண்டே வார்த்தை" என்றாள் மஹ்ஷீத்.

"மரியாதை..."

"மரியாதையை நான் பாத்துக்கறேன். நீ கப்பலைப் பாரு."

ஃபரிபோர்ஸ் தோளை நிமிர்த்திக்கொண்டு கூடத்துக்கு வந்தார். தீர்தாதின் அப்பா கணினி மேஜைக்கு அருகில் நின்று, அங்கிருந்த ஜாய்ஸ்டிக்கைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார். கட்டைவிரல் படுகிற இடம் தேய்ந்து பளபளவென்றிருக்கும் பழைய ஜாய்ஸ்டிக்.

"தீர்தாத் தம்பி" என்று ஆரம்பித்தார் ஃபரிபோர்ஸ். "அந்தக் கப்பலை..."

எல்லோரும் அவரையே பார்த்தார்கள். சமையலறைக் கதவிடுக்கிலிருந்து மஹ்ஷீத்தும் பார்த்தாள்.

"அந்தக் கப்பலை... இந்த ஜாய்ஸ்டிக் இல்லாம ஓட்டினா சுகமே இருக்காது. இதையும் எடுத்துக்குங்க."

உள்ளே ஒரு தட்டு உடைந்தது.

தீர்தாதின் அப்பா பதறிப்போய் இரண்டு கையையும் ஆட்டி மறுத்தார். ஃபரிபோர்ஸ் கம்பியைப் பிடுங்கிச் சுற்றினார். அவர் நெஞ்சில் கை வைத்துத் தலையை ஆட்டினார். ஃபரிபோர்ஸ் அதைச் செய்தித்தாளில் பொதிந்தார். அவர் பின்வாங்கினார். சுவர்வரை போய்விட்டதால் அதற்கு மேல் பின்வாங்க இடமில்லை. அவர் கையில் பொட்டலத்தைத் திணித்தபோது ஃபரிபோர்ஸின் கண்ணிலிருந்து நிஜமாகவே நீர் வழிந்தது. "மறுக்காதீங்க" என்றார் விக்கலோடு. அந்தப் பருத்த மனிதர் அவர் முகத்தைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தார். பிறகு பெருமூச்சு விட்டுப் பொட்டலத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார்.

வாசலில் விடைபெறும் உபசாரம் வழக்கம்போல நீண்டது. இன்னும் கொஞ்ச நேரம் இருங்கள், உங்களுக்குச் சிரமம், சமைத்த கை வலிக்காமல் இருக்கட்டும், உங்கள் நிழல் குறையாமல் இருக்கட்டும். கடைசியில் அவர்கள் படியிறங்கினார்கள். ஃபரிபோர்ஸ் கதவை ஒட்டி நின்றார். மஹ்ஷீத் தேநீர்த் தட்டோடு பின்னால் வந்து நின்றாள். அவள் என்ன சொல்லப்போகிறாள் என்று திரும்பிப் பார்க்க அவருக்குத் தைரியம் வரவில்லை.

அந்தக் கட்டடத்தின் மாடிப்படியில் கீழே பேசுவது மேலே துல்லியமாகக் கேட்கும். அதுவரை ஒரு வார்த்தை பேசாத தீர்தாதின் அப்பா, முதல் தளத்துத் திருப்பத்தில் மூச்சு வாங்க நின்று, மகனிடம் அசல் ஷிராஸ் பேச்சில் சொன்னார்:

"மூணு தலைமுறையா இந்த ஊர்ல இருக்கோம், இப்படி ஒரு ஆளை நான் பாத்ததே இல்ல. மூணு தரம் வேண்டாம்னு சொன்னா விட்டுடணும்னுகூடத் தெரியல, கண்ணு கலங்குது. பாவம்டா, எங்கேயோ வெளிநாட்டுல வளந்த மனுஷன்!"