புள்ளி அங்கிள் வரைந்த கல்லறைப் படம்

கிள்ளான் ஊரில் பேயை விட அதிகம் பேரைப் பயமுறுத்தியவர் எங்கள் புள்ளி அங்கிள்தான். இத்தனைக்கும் அவர் கையில் இருந்தது ஒரு பென்சில் மட்டுமே.

தொழிற்சாலையில் தீப்பிடித்தால் எந்த வழியாக ஓடுவது என்று சுவரில் ஒரு படம் மாட்டியிருப்பார்களே, அதை வரைவது அவர் தொழில். 'நீங்கள் இங்கே இருக்கிறீர்கள்' என்று அதில் ஒரு சிவப்புப் புள்ளி இருக்கும். அதிலிருந்து வந்ததுதான் அவர் பெயர். எங்கள் ஃபிளாட்டில் லிஃப்ட் பக்கத்திலும் ஒன்று மாட்டினார். அதன் முன்னால் நீங்கள் நின்றால், செருப்புச் சத்தம்கூட இல்லாமல் பின்னால் வந்து நிற்பார். முகத்தைப் பார்க்க மாட்டார். உங்கள் கண்மணி எந்தப் பக்கம் நகர்கிறது என்று பக்கவாட்டில் குனிந்து பார்ப்பார். பிறகு காதோரம் ஒரு குரல் கேட்கும்.

"கண்ணு மொதல்ல எங்க போச்சு?"

பாசாரில் வாங்கிய மீனைப் போட்டுவிட்டு மாதாவைக் கூப்பிட்டுக்கொண்டே மாடி ஏறியவள் நான்.

சாவு வீட்டிலும் அதே கேள்விதான். சவப்பெட்டியருகே தேம்பிக்கொண்டிருந்த ஒருவர், அங்கிள் கேட்டதும் அழுகையை நிறுத்தி, "மூக்குல வெச்ச பஞ்சுக்கு, அங்கிள்" என்றார்.

"கரெக்ட் லா. மொகத்துல அது ஒண்ணுதான வெள்ள" என்று அங்கிள் தலையாட்ட, அழுதவர் விட்ட இடத்திலிருந்து மறுபடியும் அழ ஆரம்பித்தார்.

இப்படிப்பட்டவரிடம்தான் எங்கள் பங்குக் கோயிலார் கல்லறைத் தோட்டத்துக்கு ஒரு வரைபடம் கேட்டார்கள். பழைய பதிவேடு வெள்ளத்தில் போய்விட்டது. கல்லறைத் திருநாளுக்குச் செமினியிலிருந்தும் ஜெஞ்சாரோமிலிருந்தும் வருகிறவர்கள், சொந்தக்காரர் கல்லறையைத் தேடி வெயிலில் அலைந்தார்கள்.

எங்கள் அம்மாவும் ஒரு கல்லறையைத் தேடிக்கொண்டிருந்தார். எனக்கு முன்னால் பிறந்து, நடக்கப் பழகும் முன்பே இறந்துபோன என் அண்ணன், அங்கே பிள்ளைகளைப் புதைக்கும் பகுதியில் எங்கேயோ கிடக்கிறான். ரயில்வேயில் வேலை பார்த்த அப்பா, தண்டவாளத்துக் கருங்கற்களைக் கொண்டுவந்து குழியைச் சுற்றிப் பதித்து, ஒரு மரச்சிலுவை நட்டாராம். சிலுவை மக்கிவிட்டது. இடம் தெரிந்த அப்பாவும் போய்விட்டார். அம்மா வருடா வருடம் தோட்டத்தின் நடுவிலிருக்கும் பெரிய சிலுவையடியில் மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டு வருவார். இப்போது கண்ணில் புரை வேறு. "பார்வ போறதுக்குள்ள அவன் தலமாட்டுலயே ஒண்ணு கொளுத்தணும்" என்பதுதான் அவருடைய அன்றாட ஜெபம்.

அங்கிள் முதலில் வரைந்த படத்தில் ஒவ்வொரு கல்லறைக்கும் ஒரு சிலுவை போட்டிருந்தார். "எங்க தாத்தா சிலுவ மட்டும் ஏன் சின்னதா இருக்கு?" என்று ஒரு குடும்பம் கேட்டது. அதைப் பெரிதாக்கினார். அடுத்த குடும்பம் வந்தது. கடைசியில் எல்லாச் சிலுவையும் பெரிதாகி, ஒன்றன் கை இன்னொன்றன் தோளில் ஏறி, தாள் முழுக்க முள்வேலி போல் ஆனது. அந்த வருடம் ஒரு சீனப் பெரியவரின் கல்லறைக்கு எட்டு முழம் மல்லிகை விழுந்தது. படத்தை நம்பி வந்த ஒரு குடும்பமே அங்கே சுற்றி நின்று அழுதது.

"எல்லாரும் கத்துனா யாரு கொரலும் கேக்காது, மா. படமும் அப்படித்தான்" என்றார் அங்கிள்.

இரண்டாவது படத்தில் சிலுவைகளே இல்லை. தோட்டம் கரும்பச்சை, பாதைகள் வெள்ளை. பூசை முடிந்ததும் கோயில் வாசலில் மாட்டினார். எல்லோரும் கூடிப் பார்த்தார்கள். திடீரென்று பின்னாலிருந்து ஒரு பெண் அலறினார்.

"ஐயோ, யாரோ நிக்கிறாங்க லா!"

பார்த்தேன். நடுப்பாதை உடம்பு. இரண்டு பக்கமும் பிரிகிற பாதைகள் விரித்த கைகள். மேலே தண்ணீர்க் குழாய்களுக்காகப் போட்ட இரண்டு வட்டங்கள் கண்கள். ஒரு தடவை தெரிந்துவிட்டால் பிறகு தோட்டம் தெரியவே இல்லை. அந்த உருவம் மட்டும்தான், என்னையே பார்த்துக்கொண்டு. என் கை தானாக ஜெபமாலையைத் தேடியது.

"ஹந்து படத்த, பேய்ப் படத்தக் கோயில்ல மாட்டுறதா? கழட்டுங்க!" என்று செயற்குழுத் தலைவர் கத்தினார்.

அங்கிளுக்கோ ஒரே சந்தோஷம். "பச்சையப் பாத்தா தோட்டம், வெள்ளையப் பாத்தா ஆளு. ரெண்டையும் ஒரே நேரத்துல பாக்க முடியுதா, சொல்லுங்க?"

"நாங்க எதையுமே பாக்கல, மொதல்ல கழட்டுங்க!"

பாதையை மங்கலான சாம்பல் நிறமாக்கி, ஒரு குழாயை மட்டும் சதுரமாக்கினார். உருவம் போய்விட்டது. எங்கே போனது என்று யாரும் கேட்கவில்லை.

அதில் கல்லறைகளே இல்லாததால், மூன்றாவது படத்துக்கு டேப் பிடித்துக் கல்லறை கல்லறையாக அளந்தார். எல்லோருக்கும் ஒரே அளவில், ஒரே சாம்பல் நிறத்தில் ஒரு புள்ளி; பெயர்கள் ஓரத்துப் பட்டியலில். "பொர விழுந்த கண்ணுக்குப் புரிஞ்சா எல்லாருக்கும் புரியும்" என்று அதை எங்கள் வீட்டுக்கே கொண்டுவந்தார். அம்மா தாளை மூக்குக்கு அருகில் பிடித்தார்.

"கண்ணு மொதல்ல எங்க போச்சு, அக்கா?"

அம்மா வேலியோர வரிசையில் விரல் வைத்தார். "இங்க, தம்பி."

"அங்க ஒண்ணுமே இல்லையே."

"அதான் அங்க போச்சு."

அங்கிள் குனிந்து பார்த்தார். ஊரையே பயமுறுத்திய மனிதர் பயந்ததை அன்றுதான் பார்த்தேன். டீயை எடுத்த கை அந்தரத்தில் நின்றது.

"வரிசையில எல்லாப் புள்ளியும் ஒரே எடவெளியில இருக்கு, மா. நடுவுல ஒண்ணு விட்டுப்போனா, கண்ணு அந்த எடத்துலதான் போய் நிக்கும்" என்றார் என்னிடம் மெதுவாக. "அளக்கிறப்ப வெறும் புல்லுன்னு தாண்டிட்டேன். நான் யாரையோ தாண்டி வந்திருக்கேன்."

மறுநாள் காலை ஃபாதரின் அனுமதியோடு போனோம். நேரில் பார்த்தால் அங்கே சாய்ந்த சிலுவைகளும் புதரும்தான். இடைவெளி என்று எதுவும் தெரியவில்லை. அங்கிள் படத்தைப் பார்த்து அளந்து, ஓர் இடத்தில் நின்றார். தோட்டக்காரர் மண்வெட்டியால் புல்லை மட்டும் செதுக்கினார். ணங் என்றது. ஒரு கருங்கல். பக்கத்தில் இன்னொன்று. செதுக்கச் செதுக்க, ஒரு தொட்டில் அளவுக்கு ஒரு வளையம் வந்தது. தண்டவாளத்துக் கற்கள்.

அம்மா அப்படியே தரையில் உட்கார்ந்து மெழுகுவர்த்தி ஏற்றினார். அங்கிள் படத்தைத் தொடையில் விரித்து ஒரு புள்ளி வைத்தார். அன்றைக்கு அவர் யாரிடமும் எதுவும் கேட்கவில்லை.

அந்தப் படம்தான் இன்றும் தோட்டத்து வாசலில் இருக்கிறது. போன வருடம் அதில் அங்கிளுக்கும் ஒரு புள்ளி சேர்த்தோம். சிவப்பில் வைக்கலாம் என்றார் தலைவர். அங்கிளுக்குப் பிடிக்காது என்று நாங்கள் விடவில்லை. அதே அளவு, அதே சாம்பல் நிறம்.

எல்லாம் ஒரே மாதிரி இருப்பதால், அவர் கணக்குப்படி என் கண் எந்தப் புள்ளியிலும் நிற்கக் கூடாது. ஆனால் அந்தப் படத்தின் முன்னால் நிற்கும்போதெல்லாம், பக்கத்தில் யாரோ சத்தமில்லாமல் குனிவது போல் இருக்கும். நான் திரும்புவதில்லை. கேட்பதற்கு முன்பே சொல்லிவிடுவேன்.

"உங்ககிட்டதான், அங்கிள்."