பதவிக்கேற்ற பால்மாவு

நாமக்கல் தாலுகா ரெவின்யூ இன்ஸ்பெக்டர் மருதாசலத்தின் குழந்தைக்குப் பால் செரிக்கவில்லை. உலகமெங்கும் யுத்தம் நடந்துகொண்டிருந்த அந்தக் காலத்தில் இது ஒரு சில்லறை விஷயமாகவே முதலில் தோன்றியது. பிரசவத்துக்குப் பின் வந்த டைபாய்டு சுரத்தில் அவர் மனைவி ஜானகியம்மாளுக்குத் தாய்ப்பால் வற்றிப்போயிற்று. பசும்பால் கொடுத்தால் குழந்தையின் வயிறு மத்தளமாய் உப்பியது. கால்களை மடக்கிக்கொண்டு நாள் முழுதும் அழுதான். கன்னத்துச் சதை கரைந்து, முகத்தில் கண்கள் மட்டுமே மிஞ்சின. டப்பாவில் வரும் பால்மாவே கதி என்று முடிவாயிற்று.

எந்த டப்பா என்பதுதான் கேள்வி. பாமரர்களாக இருந்தால் குழந்தையின் வயிற்றைப் பார்த்துத் தீர்மானித்திருப்பார்கள். ஜானகியம்மாள் படித்தவள். சேலத்துப் பள்ளியில் இங்கிலீஷுக்குப் பரிசு வாங்கியவள். குழந்தை வளர்ப்பைப் பற்றிச் சீமையில் அச்சான புத்தகம் ஒன்றை முன்னுரையிலிருந்து விளம்பரப் பக்கம் வரை வாசித்தவள். ஆகவே அவள் உத்தியோக வரிசையைப் பார்த்துத் தீர்மானிக்க முற்பட்டாள்.

சேலத்தில் கலெக்டர் பங்களாவில் மஞ்சள் டப்பா என்பது ஜில்லா முழுவதும் அறிந்த செய்தி. நாமக்கல்லில் தாசில்தார் வீட்டில் பச்சை டப்பா. டிப்டி தாசில்தாருக்குக் குழந்தை இல்லாததால் அதற்குக் கீழே முன்மாதிரி எதுவும் ஏற்படவில்லை. ரெவின்யூ இன்ஸ்பெக்டரின் குழந்தை என்ன குடிக்கலாம் என்பதற்கு அரசாங்க உத்தரவும் கிடையாது. மேலதிகாரியின் டப்பாவைக் கேளாமல் வாங்கினால் அதிகப்பிரசங்கித்தனம். வாங்காமல் விட்டால் தன் அந்தஸ்தைத் தானே குறைத்துக்கொண்டதாகும். இரண்டு நாள் யோசித்துவிட்டு, வெற்றிலை பாக்கு பழத்துடன் தாசில்தார் மனைவி முத்தாயம்மாளைப் பார்க்கப் போனாள்.

"ஏனுங்கம்மா, உங்க வீட்டுப் பச்சை டப்பாவையே எங்க பையனுக்கும் வாங்கலாமுங்களா?"

முத்தாயம்மாள் விஷயத்தின் கனத்தை உணர்ந்து, வெற்றிலைத் தட்டை வாங்கி ஓரமாக வைத்தாள்.

"வாங்கிக்க ஜானகி. குழந்தைன்னா எல்லாம் ஒண்ணுதானே. ஆனா பெரிய டப்பா வேண்டாம். சின்னதா வாங்கு."

சின்ன டப்பாவாகவே வாங்கினாள். குழந்தையின் வயிறு பெரிய டப்பா குடித்ததைப் போலவே உப்பியது. பேதியும் சேர்ந்துகொண்டது. புத்தகத்தில் இதற்கு அத்தியாயம் இருந்தது; பொறுமை தேவை என்று அதில் சொல்லியிருந்தது. ஜானகியம்மாள் பொறுத்தாள். குழந்தைதான் பொறுக்கவில்லை. ஒருநாள் அவன் அழுகை சன்னமாகி முனகலாக மாறியபோது, புத்தகத்தை மூடிவிட்டு, குழந்தையைத் தூக்கிக்கொண்டு டாக்டர் அப்புசாமியிடம் ஓடினாள்.

டாக்டர் வயிற்றைத் தட்டிப் பார்த்தார்.

"பச்சை டப்பாவில் கொழுப்பு ஜாஸ்தி, அம்மா. இவனுக்குத் தாங்காது. சாம்பல் நிற டப்பா ஒண்ணு வருது. கொழுப்பு எடுத்த பால்மாவு. அதைக் கொடுங்க."

"அதை இந்த ஊருல யாரு வீட்டுலங்க குடுக்கறாங்க?"

"தாலுகா ஆபீஸ் டவாலிச் சேவகர் சின்னண்ணன் பேரனுக்கு எழுதிக் கொடுத்தேன். தேறிட்டான்."

"அவரு டவாலிங்க. எங்க ஊட்டுக்காரரு ரெவின்யூ இன்ஸ்பெக்டருங்க."

"அம்மா, குழந்தை இன்னும் சர்வீஸ்ல சேரலையே" என்றார் டாக்டர்.

இது மரியாதைக் குறைவான பேச்சு என்று ஜானகியம்மாளுக்குப் பட்டது. ஆனாலும் குழந்தையின் கண்ணைப் பார்த்தாள். வேலைக்காரி குப்பாயியிடம் துணிப்பையைக் கொடுத்து, சீமைச் சரக்கு விற்கும் ஷாப்புக்கடைக்கு அனுப்பினாள். "யாருக்குன்னு கேட்டா உன் பிள்ளைக்குன்னு சொல்லு."

"என் பிள்ளைக்கு என்னாத்துக்குங்க டப்பா? நான் என்ன செத்தா போயிட்டேன்?" என்று முணுமுணுத்துக்கொண்டே குப்பாயி வாங்கி வந்தாள்.

அதை அப்படியே அலமாரியில் வைக்க முடியுமா? நாலு பேர் வந்து போகிற வீடு. ஜானகியம்மாள் கதவைச் சாத்திக்கொண்டு சாம்பல் டப்பாவின் மாவைக் காலியான பச்சை டப்பாவில் கொட்டினாள். பச்சை டப்பாவிலிருந்து எடுத்த அந்த மாவு குழந்தைக்கு அற்புதமாக ஒத்துக்கொண்டது. வயிறு அடங்கியது. தூங்கினான். பொக்கை வாயைக் காட்டிச் சிரித்தான். பார்க்க வந்த முத்தாயம்மாள், "பாத்தியா, நான் சொன்ன டப்பா" என்றாள். "எல்லாம் உங்க ஆசீர்வாதமுங்க" என்றாள் ஜானகியம்மாள்.

இவ்வாறு அரசாங்கத்துக்கோ வயிற்றுக்கோ பாதகமில்லாமல் காரியம் நடந்து வருகையில், சேலத்திலிருந்து ஒரு சுற்றறிக்கை வந்தது. யுத்த நெருக்கடியில் கப்பலில் இடமில்லை. யாரும் உபயோகிக்காத சரக்கைக் கொண்டுவந்து இடத்தை வீணாக்கலாகாது. ஆகையால், கௌரவமான குடும்பங்களில் எந்தப் பால்மாவு வழக்கத்தில் இருக்கிறது என்பதைத் தாலுகாவாரியாக மாதர் சங்கங்கள் விசாரித்துத் தெரிவிக்க வேண்டியது. தெரிவிக்கப்படாதது வரவழைக்கப்படமாட்டாது.

நாமக்கல் மாதர் சங்கத்துக்குத் தலைவி முத்தாயம்மாள். இங்கிலீஷ் தெரிந்த காரணத்தால் காரியதரிசி ஜானகியம்மாள். தாசில்தார் வீட்டில் காப்பியும் தேங்காய் பன்னும் பரிமாறப்பட்டு விசாரணை நடந்தது.

"எங்க வீட்டுல பச்சை" என்று தலைவி தொடங்கிவைத்தாள்.

"எங்களுக்கும் பச்சைதானுங்க. வேற எதைத் தொடுவோம்?" என்றாள் சப்-ரிஜிஸ்திரார் மனைவி ராமாயி.

"நாங்க மஞ்சள்" என்று டாக்டர் அப்புசாமியின் மனைவி மெதுவாகச் சொன்னாள். டாக்டர் வீட்டுக்கு அவ்வளவு சலுகை உண்டு என்று சபை ஏற்றுக்கொண்டது.

ஜானகியம்மாள் எல்லாவற்றையும் எழுதினாள். சாம்பல் டப்பாவைப் பற்றி யாராவது ஒருத்தி சொல்லிவிடுவாள் என்று காத்திருந்தாள். யாரும் சொல்லவில்லை. எல்லோரும் காப்பி டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். தன் முறை வந்தபோது அவள் பேனா சற்றுத் தயங்கியது. பிறகு 'பச்சை' என்று எழுதியது. அறிக்கை மொட்டையாக முடிகிறதே என்று கடைசியில் ஒரு வாக்கியமும் சேர்த்தாள்: "சாம்பல் நிற டப்பா என்னும் மட்டமான சரக்கை இத்தாலுகாவில் மதிப்புள்ள குடும்பம் எதுவும் உபயோகிப்பதாகத் தெரியவில்லை." இங்கிலீஷில் அந்த வாக்கியம் இன்னும் கம்பீரமாக இருந்தது. சேலத்து அதிகாரி அதைத் தனியாகப் பாராட்டி எழுதியிருந்தார்.

மழைக்காலம் முடிவதற்குள் சாம்பல் டப்பா நின்றுபோயிற்று. கடையில் இல்லை என்று குப்பாயி வெறும் பையோடு திரும்பினாள். பச்சை டப்பாவின் அடி தெரிய ஆரம்பித்திருந்தது. ஜானகியம்மாள் தானே புறப்பட்டாள். ஷாப்புக்கடை வெங்கடாசலத்தின் வாசலில் முத்தாயம்மாள் நின்றுகொண்டிருந்தாள். பின்னால் ராமாயி. சற்றுத் தள்ளிக் குடைக்குள் முகத்தை மறைத்துக்கொண்டு டாக்டர் மனைவி.

"வேலைக்காரி பிள்ளைக்குன்னு கேட்டா. பாவமா இருந்தது, வந்தேன்" என்றாள் முத்தாயம்மாள்.

"எங்க ஊட்டு வேலைக்காரிக்கும் அதேதானுங்க" என்றாள் ஜானகியம்மாள்.

"ஆமாங்க, எங்களுதும்" என்றாள் ராமாயி.

வெங்கடாசலம் கைகூப்பினார். "இந்த ஊருல வேலைக்காரிக எல்லாருக்கும் ஒரே வருசத்துல பிள்ளை பொறந்திருக்குதுங்க. அந்த டப்பா ஒண்ணுதானுங்க வித்துட்டு இருந்துச்சு. பச்சையும் மஞ்சளும் அட்டாலி முட்ட அடுக்கிக் கெடக்குது, எடுத்துட்டுப் போங்க. சாம்பலு இனி கப்பல்லயே வராதுங்களாமா. நீங்கதான் வேண்டாம்னு எழுதிக் குடுத்தீங்கன்னு ஏஜெண்டு சொல்றாரு."

யாரும் யாரையும் பார்க்காமல், அவரவர் வீட்டு நிறத்தில் ஒரு டப்பா வாங்கிக்கொண்டு திரும்பினார்கள். படித்தவர்களுக்கு ஒரு வழி எப்போதும் திறந்திருக்கிறது. அது மனுப் போடும் வழி. அன்றே சங்கம் கூடியது. நாமக்கல் நகரத்து வேலைக்காரர்களின் குழந்தைகள் செரிமானக் கோளாறினால் வாடுவதைக் கண்டு மனமிரங்கிய மாதர், சாம்பல் டப்பாவை மீண்டும் வரவழைக்குமாறு பணிவுடன் கோரினர். காரியதரிசி எழுதிய மனுவைப் படித்துத் தலைவியே கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

மனு சேலம் போய், "நேரில் விசாரித்து உண்மையைத் தெரிவிக்கவும்" என்ற குறிப்புடன் தாசில்தாரிடம் திரும்பி வந்தது. தாசில்தார் அதை ரெவின்யூ இன்ஸ்பெக்டருக்கு அனுப்பினார். மருதாசலம் உத்தரவு என்றால் உத்தரவு என்று நினைக்கிறவர். தலைப்பாகை கட்டிக்கொண்டு, தன் வீட்டு வேலைக்காரியின் குடிசைக்கு உத்தியோக முறையில் விஜயம் செய்தார். குப்பாயியின் மகன் முற்றத்து மண்ணைத் தின்றுகொண்டிருந்தான்.

"உன் குழந்தைக்குச் செரிமானக் கோளாறு உண்டா?"

"ஏனுங்க சாமி, யாருங்க அப்பிடிச் சொன்னது? என் பால்ல என்ன குத்தம் கண்டாங்க? இந்த ஊருல இனிமே நான் தலை நிமிந்து நடக்கவா வேண்டாமா?"

"கேட்டதற்குப் பதில் சொல்லு."

"கல்லைக் குடுத்தாலும் செரிச்சுருமுங்க. பேரு கெட்டுப்போச்சுன்னா உங்க ஊட்டு வேலையே எனக்கு வேண்டாமுங்க."

மற்ற குடிசைகளிலும் அதே பதில். சில இடங்களில் வசவும் கிடைத்தது. வீட்டுக்கு வந்து அறிக்கை எழுத உட்கார்ந்தார். உள்ளே குழந்தை அழுதுகொண்டிருந்தான். சாம்பல் டப்பா மாவு தீர்ந்து, கஞ்சித் தண்ணீரில் இரண்டு நாள் ஓடியிருந்தது.

"ஏனுங்க," என்றாள் ஜானகியம்மாள், "நம்ம பையனுக்குத்தான் வேணும்னு ஒரு வரி சேத்துடுங்களேன்."

மருதாசலம் பேனாவை வைத்தார். "நம்ம பையன் பச்சை டப்பா குடிக்கிறான்னு நீயே கையெழுத்துப் போட்டிருக்கறே. அது பொய்னு நான் எழுதினா உன் பேரு என்னாகும்? தாசில்தார் வீட்டம்மா பேரு என்னாகும்? அதுவுமில்லாம, என்னை விசாரிக்கச் சொன்னது வேலைக்காரங்க குழந்தைங்களை. நான் அரசாங்கத்து வேலைக்காரன்தான். அந்த அர்த்தத்துல அவங்க கேக்கலை."

வாதத்தில் குறை சொல்ல ஒன்றுமில்லை. குறை கண்டுபிடிக்கக் கூடிய படிப்பு அந்த வீட்டில் அவளுக்கு மட்டுமே இருந்தது, அவளுக்கே அகப்படவில்லை. முடிந்த அறிக்கையை வாங்கிப் படித்தாள். வேலைக்காரர்களின் குழந்தைகள் நலமாக இருப்பதால் மனுவில் ஆதாரமில்லை, தள்ளுபடி செய்யலாம் என்று சிபாரிசு செய்திருந்தார். 'நலமாக' என்பது ஒரு சர்க்கார் காகிதத்துக்குப் போதாது என்று அவளுக்குப் பட்டது. அதை அடித்து, 'பரிபூரண நலத்துடன்' என்று தன் முத்தான கையெழுத்தில் திருத்தினாள்.

பிறகு எழுந்து உள்ளே போய், குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு, பச்சை டப்பாவைத் திறந்தாள். இம்முறை அதில் பச்சை டப்பாவின் மாவே இருந்தது.