சம்பல் டப்பாவுக்குப் போன டேப்

மெர்கோங்கில் இருக்கும் மரியாதைக்குரிய மச்சான் மனோகரன் அவர்களுக்கு,

கோலா கெத்திலிலிருந்து உங்கள் தங்கை பிரேமாவதியின் புருஷன் குழந்தைவேலு கைகட்டி நின்று எழுதுவது. இங்கே யாரும் நலமாக இல்லை. பிரேமாவதி எனக்குச் சோறு போடுகிறாள், பேச்சு மட்டும் கிடையாது. மகள் சாந்தினி பேசுகிறாள், ஆனால் அவள் பேசாமலிருந்தால் தேவலை. அங்கே உங்கள் வலது பாதம் நலமா என்று அறிய ஆவலாக இருக்கிறேன். நீங்கள் வாட்சாப்பில் என்னை பிளாக் பண்ணிவிட்டதால் தபால் நிலையத்துக்குப் போய்த் தபால்தலை கேட்டேன். கவுண்டரில் இருந்த பெண் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தாள்.

மச்சான், அந்த மூன்று நாள் நடையைப் பற்றித்தான் எழுதுகிறேன். கோலா கெத்திலிலிருந்து தோட்டம் தோட்டமாக நடந்து தஞ்சோங் டாவாய் கடலில் கால் நனைப்பது என்று வாசுகி டீச்சர் திட்டம் போட்டபோது, எட்டுப் பேருக்கும் ஆளுக்கொரு சாமான் பிரித்துக் கொடுத்தார்கள். உங்களுக்கு மருந்துப் பெட்டி, எனக்கு ஒட்டுகிற டேப். "முழு ரோலைத் தூக்காதீங்கண்ணே, கனம். தண்ணி போத்தல்ல பத்துச் சுத்துச் சுத்திக்குங்க. சப்பாத்துப் பிஞ்சாலும் சரி, பை வாரு அறுந்தாலும் சரி, டேப் இருந்தா வீடு வந்து சேந்துடலாம்" என்று டீச்சர் எவ்வளவு தெளிவாகச் சொன்னார்கள்! நான் தலையைத் தலையை ஆட்டினேன். சுங்கைப் பட்டாணியில் நல்ல சில்வர் டேப்பாகப் பார்த்து வாங்கியும் வந்தேன். அதுவரைக்கும் என் மேல் ஒரு குற்றமும் இல்லை.

புறப்படுகிற அன்று காலையில் உங்கள் தங்கை, "அண்ணன்கூட வெறுங்கையோடவா போவீங்க?" என்று நெத்திலிச் சம்பல் மூன்று டப்பா கொண்டுவந்து வைத்தாள். எண்ணெய் மேலே ஒரு விரக்கடை நின்றது. போன தடவை கேமரன் மலைக்குப் போனபோது அந்த எண்ணெய் வழிந்து என் பனியன் முதல் சாமி படம் வரை ஊறிப்போனது உங்களுக்கே தெரியும். அந்தப் பயத்தில் டப்பா மூடியைச் சுற்றி ஒரு சுற்றுச் சுற்றினேன். ஒன்று போதுமா? இன்னொன்று. மூன்று டப்பா முடிந்தபோது ரோலில் ஒரு சாண் டேப்தான் மிச்சம். மூன்று நாளில் என்னதான் கிழிந்துவிடப் போகிறது என்று நினைத்து, அந்தச் சாணை போத்தலில் பெயருக்கு ஒட்டிக்கொண்டு கிளம்பிவிட்டேன். அதுவும் முதல் நாள் மழையில் உரிந்து எங்கேயோ போய்விட்டது.

இரண்டாம் நாள் செமிலிங்குக்கு முன்னால், அந்தச் செம்பனைத் தோட்டத்தில், உங்கள் வலது சப்பாத்தின் அடிப்பாகம் 'படக்'கென்று பிரிந்து தொங்கியதே, அப்போது டீச்சர் எவ்வளவு நிம்மதியாகச் சிரித்தார்கள்! "பயமில்லலா, டேப் இருக்கே. வேலு அண்ணே, எடுங்க." எல்லாரும் என்னைப் பார்த்தீர்கள். அந்த நேரத்தில் உண்மையைச் சொல்லியிருந்தால் ஒரு நிமிஷத்து வெட்கத்தோடு போயிருக்கும். என் பாழும் வாய், "டேப் ஆத்துல விழுந்துடுச்சு டீச்சர்" என்றது. "எந்த ஆத்துல? நாம இன்னும் ஆறே தாண்டலையே?" என்றார்கள். "ஆறு மாதிரி ஒரு காவா" என்றேன்.

பிறகு ஒன்றுக்குப் போகிற சாக்கில் செம்பனை மரத்துக்குப் பின்னால் உட்கார்ந்து, டப்பாக்களிலிருந்து டேப்பை நகத்தால் உரித்தேன். "பைக்குள்ள ஒரு துண்டு கெடந்துச்சு மச்சான்" என்று கொண்டுவந்து சுற்றினேன். எண்ணெயில் ஊறின டேப் எங்கே ஒட்டும்? ஒட்டவில்லை, ஆனால் மணம் மட்டும் தோட்டம் முழுக்கப் போனது. லயத்து வீடுகளிலிருந்து நாய்கள் நாலு வந்தன. நீங்கள் வேகமாக நடக்க, அவை வேகமாக நடக்க, கடைசியில் அந்தச் செவலை நாய் அடிப்பாகத்தைக் கவ்விக்கொண்டு ஓடியபோது நான் கல்லெடுத்து எறிந்தேன். அது டீச்சர் பையில் பட்டது.

இவ்வளவையும்கூட நீங்கள் மன்னித்திருப்பீர்கள். என் தப்பை மறைக்க எல்லார் முன்னாலும், "பதினோரு வருசம் சப்பாத்தைப் பெட்டியிலயே வச்சா பசை செத்துத்தான் போவும், கஞ்சத்தனத்துக்கும் ஒரு அளவு வேணும்லா" என்று சொன்னேனே, அதுதான் என்னை இன்றுவரை தூங்கவிடவில்லை. காலில் துண்டைச் சுற்றிக்கொண்டு நாலு கிலோமீட்டர் நடந்தீர்கள், செமிலிங்கில் கிராப் டாக்சி கூப்பிட்டீர்கள், போய்விட்டீர்கள். அந்தக் காடி திரும்புகிற வரைக்கும் நான் கையை ஆட்டிக்கொண்டே நின்றேன். நீங்கள் பார்க்கவில்லை. தஞ்சோங் டாவாயில் எல்லாரும் கடலில் இறங்கினார்கள். நான் இறங்கவில்லை மச்சான், மனசு வரவில்லை.

வரும் பதினெட்டாம் தேதி சாந்தினிக்குக் கல்யாணம். தாய்மாமன் மாலை போட்டுக் கையைப் பிடித்து அழைத்து வராமல் நம் வீட்டில் எந்தப் பெண் மணவறை ஏறியிருக்கிறாள்? "மாமா வரலன்னா நான் ரூமை விட்டே வரமாட்டேன்பா. நீங்க மட்டும் போய் உக்காந்துக்குங்க" என்கிறாள். ஆற்றில் டேப் விழவில்லை. சம்பல் டப்பாவில்தான் சுற்றினேன். பொய் சொன்னேன், அதோடு உங்களைக் கஞ்சன் என்றும் சொன்னேன். ரெண்டும் தப்பு. என்னைத் திட்டுங்கள், மண்டபத்தில் எல்லார் முன்னாலும் திட்டுங்கள், ஆனால் பிள்ளைக்காக வந்துவிடுங்கள்.

தங்கள் குடும்பத்தார் அனைவருக்கும் என் வணக்கத்தையும், பாதத்துக்கு என் தனி வணக்கத்தையும் சொல்லவும்.

தலைகுனிந்து,
குழந்தைவேலு

பின்குறிப்பு: இதைப் பிரேமாவதியிடம் படித்துக் காட்டினேன். பத்து நாளில் இப்போதுதான் வாயைத் திறந்தாள், அதுவும் சிரிப்பதற்கு. "அண்ணன் அன்னிக்கே போன் பண்ணிட்டாருங்க. டேப்பை மோந்ததுமே என் சம்பல்னு தெரிஞ்சிருச்சாம். ஒங்களை நம்பாம அவரும் பையில ஒரு முழு ரோல் வச்சிருந்தாராம். நீங்க நெசத்தச் சொன்னா எடுக்கலாம்னு நாலு கிலோமீட்டரும் பாத்துக்கிட்டே நடந்தாராம். சாந்தினிக்குப் பட்டு எடுத்து, மாலைக்கும் சொல்லி வச்சிட்டாரு" என்கிறாள். முழு ரோல், மச்சான்! பையிலேயே! நாய் அடிப்பாகத்தைத் தூக்கிக்கொண்டு ஓடும்போதும் பையிலேயே! மேலே கேட்ட மன்னிப்பில் பாதியை இத்தால் வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். நீங்கள் எப்படியும் வரப்போகிறீர்கள் என்றால் இந்தக் கடிதத்துக்கே வேலையில்லை. தபால்தலை ஒட்டிவிட்டேனே என்றுதான் போடுகிறேன்.

இல்லை, அதுவும் பொய். ஒட்டாமலிருந்தாலும் போட்டிருப்பேன்.