பென்சில் நானா பிடித்த சத்தம்

எனக்கு எழுபத்தாறு வயது. பெற்றது ஐந்து; தங்கையின் இரண்டையும் சேர்த்து வளர்த்தது ஏழு. அந்த ஏழும் சேர்ந்து தராத எரிச்சலை, எங்கள் மேல் அறையில் வாடகைக்கு இருக்கும் பென்சில் நானா ஒற்றை ஆளாகத் தந்துவிட்டார். எங்கள் ஊர் பிலிமத்தலாவையில் அவருடைய சொந்தப் பெயர் யாருக்கும் தெரியாது.

நாவல் எழுதுகிறாராம். பாதி எழுத்து, பாதி படம். நிறத்துக்கு என் மஞ்சள் தூளும் பீட்ரூட் அவித்த தண்ணீரும். ஒவ்வொரு பக்கத்தின் மூலையிலும் ஒரு கறுப்புக் கட்டம். அதற்கு நேரே போனைப் பிடித்தால் பாட்டோ சத்தமோ வரும். கடுகண்ணாவை ஏற்றத்தில் ரயில் மூச்சு வாங்குவதைப் பிடிக்க மூன்று நாள் மழையில் நின்றார். காய்ச்சலுக்குக் கொத்தமல்லி அவித்துக் கொடுத்தது நான்.

கண்டியில் ஒரு மண்டபத்தில் அந்தப் பக்கங்களைத் தொங்கவிட்டார். பேத்தி ஸஹ்ராவைப் பெண் கேட்டிருந்த கலகெதரச் சம்பந்தியையும் பெருமையாகக் கூட்டிப்போனேன். அவர்களிடம் நான் குரல் உயர்த்தாத மனிசி என்று பெயர். ஒரு பக்கத்தில் வெறும் படிக்கட்டு. ஸஹ்ரா போனைப் பிடித்தாள்.

“பைப்பத் தொறந்து வெச்சிட்டு எங்க போய்த் தொலைஞ்ச? மாடு, தேத்தண்ணி ஆறுது, எறங்கி வா.”

என் குரல், மேல் அறையைப் பார்த்துப் பென்சில் நானாவை ஏசியது. மண்டபமே சிரித்தது. சம்பந்தி மட்டும் சிரிக்கவில்லை.

வீட்டுக்கு வந்ததும் பென்சில் நானாவைப் பிடித்துக்கொண்டேன். “யார்ட்ட கேட்டு என்ட வாயப் புடிச்ச?”

“கேட்டா நீங்க மெதுவா ஏசுவீங்க, மாமி.”

“நாளைக்கே சாமானக் கட்டு.”

“கட்டுறேன். கதையில அது, உம்மா மவுத்தாகி, அடக்கிட்டு மகன் வீட்டுக்கு வாற பக்கம். எனக்குச் சின்னதுல இருந்து ஏச ஆளில்ல. அதான் உங்கட சத்தத்த எடுத்தேன்.”

அன்றே குரலை அழித்துவிட்டார். மறுநாள் அவர் அறையில் இருந்த நகலில் ஸஹ்ரா போனைப் பிடித்துக் காட்டினாள். படிக்கட்டு இருக்கிறது, சத்தமில்லை. எழுத்துக் கூட்டி வாசிக்கவே எனக்குப் பொழுது போய்விடும். அந்தப் புத்தகத்தில் யாரும் சொல்லித் தராமல் எனக்கு விளங்கியது அந்த ஒரு பக்கம்தான். அதுவும் போயிற்று.

சம்பந்தி நினைப்பதை நினைக்கட்டும் என்று படிக்கட்டில் நின்று, மூச்சு விடாமல், புதிதாக ஏசினேன். கட்டிய சாமானை வைத்துவிட்டு அவர் போனை நீட்டிப் பிடித்தார்.

சம்பந்தி இன்னும் போன் எடுக்கவில்லை. “எடுக்காட்டி இருக்கட்டும், உம்மும்மா” என்கிறாள் ஸஹ்ரா.

எனக்குக் கோபம் ஆறவில்லை. அவர் கேட்காமல் என்னைக் கதையில் போட்டார். நானும் கேட்காமல் அவரைப் பத்திரிகையில் போடுகிறேன். ஸஹ்ரா, நான் சொல்லச் சொல்ல நீ எழுதியதை முதலில் இருந்து வாசி. கொஞ்சம் சத்தமாக வாசி மகள், மேலே அவர் விழித்துத்தான் இருக்கிறார்.