மொட்டை மாடியில் ஒற்றை விசில்

அன்புள்ள அக்காவுக்கு,

அப்பாவைக் கெடுத்தது நீதான். மற்றபடி இங்கே எல்லோரும் சுகம். நீயும் அத்தானும் சுகமாக இருந்துகொள்ளுங்கள்.

அப்பாவைக் கேட்காமல் நீ அத்தானைக் கட்டிக்கொண்டு போன நாளிலிருந்து இந்த வீட்டில் உன் பேச்சே கிடையாது. தெரிந்திருந்தும் என் பெயருக்கு ஒரு விதைப் பார்சல் அனுப்பினாய். "குப்பையில போடு" என்றார் அப்பா. அன்றைக்குத்தான் கம்பெனியில் எங்கள் பிரிவை மூடியிருந்தார்கள். தொழிலாளர் நலன் கருதி, வெயில் தணியும்வரை சம்பளமில்லாத விடுப்பு என்று நோட்டீஸ். எங்கள் நலனில் அவ்வளவு அக்கறை. ஏசி ஓடுகிற ஆபீசுக்கு மட்டும் வெயில் அடிக்கவில்லையாம், அது திறந்திருக்கிறது. அந்த எரிச்சலில் உன் பொட்டலங்களை எல்லாம் கிழித்து, ஒன்றாகக் கலந்து, மாடியில் மண்ணோடு கிடந்த பழைய பெயின்ட் வாளிகளில் வீசிவிட்டு வந்து படுத்துவிட்டேன். எப்போதும் ஏமாற்றுகிற மழை அந்த வாரம் பார்த்துப் பெய்தது.

ஒரே வாளியில் தக்காளி, வெள்ளரி, பரங்கி எல்லாம் முண்டியடித்துக்கொண்டு முளைத்தன. ஆயுள் முழுக்கக் கண்டக்டராக நின்ற மனுஷனால் அந்த நெரிசலைப் பார்த்துக்கொண்டு இருக்க முடியுமா? ஓய்வு பெற்றதிலிருந்து சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தவர், ஒரு கரண்டியோடு மாடி ஏறிவிட்டார். ஒவ்வொரு நாற்றாகப் பெயர்த்து இடம் மாற்றினார். "படியில தொங்காத, உள்ள போ" என்று வெள்ளரிக் கொடியை அதட்டுவது எனக்குக் கீழேவரை கேட்டது. மனுஷர்களிடம் பேசாதவர் காய்களிடம் பேசுகிறாரே என்று அம்மாவுக்குக் கவலை. பிறகு அம்மாவும் போய்ப் பேச ஆரம்பித்துவிட்டார்.

தக்காளி சிவந்ததும் கிளிகள் வந்தன. அப்பா பெட்டியைக் குடைந்து பழைய விசிலை எடுத்தார். ஒற்றை விசில் என்றால் வண்டி நிற்கும், ஆள் ஏறலாம். இரட்டை விசில் என்றால் கிளம்பு. சின்ன வயதில் நமக்குச் சாப்பாட்டுத் தட்டின் முன்னால்கூட அதுதானே சட்டம். கிளிகளுக்கு இரட்டை விசில் அடித்தார். கிளிகள் கிளம்பவில்லை. தெருவில் ஆபீஸ் ஆட்களை ஏற்ற நின்றிருந்த கம்பெனி வேன் கிளம்பிவிட்டது. வேன்காரர் பல வருஷம் அப்பாவோடு பஸ் ஓட்டியவர், காதில் விழுந்ததும் கால் தானாக அழுத்திவிட்டதாம். ஏறுவதற்காக ஒரு காலைத் தூக்கியபடி நடுத்தெருவில் நின்றது யார் தெரியுமா? எங்கள் நோட்டீசில் கையெழுத்துப் போட்ட மேனேஜர்.

கத்திக்கொண்டே மாடிக்கு வந்தார். அப்பா ஒரு வெள்ளரியைக் கீறி, உப்புத் தடவி நீட்டினார். தண்ணீர்த் தொட்டி நிழலில் உட்கார்ந்து தின்றார் அந்த ஆள். இன்னொன்று கேட்டார். என் சம்பளத்தை நிறுத்தியவருக்கு என் கையாலேயே கீறிக் கொடுத்தேன். இந்தக் கேவலத்துக்கும் நீதான் பொறுப்பு.

சாயங்காலமானால் மாடியில் தண்ணீர் தெளித்து, பாய் விரித்து, சீட்டு ஆடுகிறோம். அம்மா ராஜாவை மடியில் ஒளித்துவைத்துக்கொண்டு ஜெயிக்கிறார். போன வாரம்வரை ஒரு தட்டில் தக்காளி, ஒரு தட்டில் வெள்ளரி. காற்று வந்தால் எல்லோரும் பேச்சை நிறுத்திவிட்டு முகத்தைக் காட்டுகிறோம். சம்பளம் நின்ற வீட்டில் சந்தோஷம் வரக் கூடாது, அது முறையில்லை. ஆனால் வந்துவிட்டது. எங்களைப் போன்றவர்களுக்கு ஓய்வைக் காட்ட வேண்டுமென்றால் வேலையைப் பிடுங்கித்தான் காட்டுகிறார்கள். பிடுங்கியவர்களுக்கு நன்றி சொல்ல மாட்டேன். வெள்ளரிக்குச் சொல்கிறேன். உனக்கும் சொல்கிறேன், அக்கா.

இதைப் படித்துவிட்டுப் பெட்டியைக் கட்டிவிடாதே. அப்பா மாறவில்லை. உன் பெயரை இன்றுவரை உச்சரிக்கவில்லை. காய்த்ததெல்லாம் தின்று தீர்ந்தது, கொடியும் காய்ந்துவிட்டது. உனக்கென்று ஒன்றும் மிச்சமில்லை. அதனால் அங்கேயே நன்றாக இரு. அம்மா உங்கள் இருவருக்கும் ஆசி சொல்லச் சொன்னார். அத்தானுக்கு என் வணக்கம்.

இப்படிக்கு,
வெயில் விடுப்பில் இருக்கும் உன் தங்கை

பின்குறிப்பு: ஒட்டுவதற்குள் அப்பா கடிதத்தைப் பிடுங்கிப் படித்துவிட்டார். 'ஒன்றும் மிச்சமில்லை' என்ற இடத்தில் நிறுத்தி, என்னை மாடிக்கு இழுத்துப் போனார். தொட்டிக்குப் பின்னால் கிடந்த தன் பழைய காக்கிச் சட்டையை விலக்கினார். கொடி காய்ந்தும் பறிக்காமல் ஒரு பரங்கி, ஒரு ஆளால் தூக்க முடியாத அளவுக்கு. அம்மாவுக்குக்கூடத் தெரியாது.

"இது ரிசர்வ் சீட்டு" என்றார். விசிலை எடுத்து ஒரே ஒரு தடவை ஊதினார். "வண்டி நிக்குது. எப்ப ஏறுவாளாம்னு கேட்டு எழுது."

இப்போதும் உன் பெயரைச் சொல்லவில்லைதான். கேட்டு எழுதச் சொன்னார், எழுதிவிட்டேன். விசிலை வாயிலிருந்து எடுக்காமல் பக்கத்திலேயே நிற்கிறார். எப்போது ஏறுகிறாய்?