தலைமாட்டில் ஒரு சங்கு

நேற்று எனக்கிருந்த வேலை எளியது. மகள் வேதவல்லி செய்த அழைப்புக் கருவியை ஆஸ்பத்திரியில் வைத்துக் காட்டும்போது உடன் நிற்பது.

கருவி இதுதான்: கட்டிலருகே ஒரு பெட்டி, அதன்மேல் ஒரு பொருள். பொருளைக் கையில் எடுத்தால் ஒலி எழும், செவிலியர் வருவார். பொத்தான் தேடித் தடுமாறும் முதியவர்களுக்கென்றே செய்தது. மேலாளருக்குப் பிடித்தால் வேதவல்லிக்கு முதல் ஆர்டர்!

"பாத்த உடனே, ஆளைக் கூப்பிடுத சாமான்னு மனசுல தோணணும்ப்பா. என்ன வைக்கலாம்?" என்று முன்பே கேட்டிருந்தாள்.

அடியேன் விடுவேனா! முதலை வாயில் அகப்பட்ட யானை அழைத்ததும் ஓடிவந்த பெருமான் இடத் திருக்கையில் இருந்தது என்ன?

"சங்கை வை அம்மா. ஒலியும் சங்கொலியாகவே இருக்கட்டும்."

"அப்பா, சங்குன்னா நம்ம ஊர்ல..."

"பாஞ்சசன்னியம்!" என்று நானே முடித்துவைத்தேன்.

முதல் பெட்டியைக் கீழவைப்பார் ஊர்க்காரர் சவேரியார் அண்ணாச்சியின் கட்டிலருகே வைத்தோம். முழங்கால் அறுவைக்குப் பின், நடக்கவே மாட்டேன் என்று அடம்பிடித்துப் படுத்திருந்தவர். கண் விழித்தார்.

"ஏலே, யாருலே தலமாட்டுல சங்க வச்சது?"

"தங்களுக்குத்தான் அண்ணாச்சி," என்றேன் பெருமிதத்துடன். "எடுத்தால் போதும், உடனே வருவார்கள்."

"யாரு, தூக்கிட்டுப் போறவனா?"

"ஏ மாதாவே! டாக்டர் எங்கிட்ட ஒண்ணும் சொல்லலியே!" என்று அவர் மனைவி அலறினார்.

"வயசுக்காலம் பூரா கடல்ல முங்கிச் சங்கு எடுத்தேன். இப்ப எனக்கே சங்கா!" அண்ணாச்சி அதை வீசியெறியவே கையில் எடுத்தார்.

கருவி குறைவின்றி வேலை செய்தது. வார்டு அதிரப் பூம்ம்ம் என்றது!

பக்கத்துக் கட்டில்காரர் கண்ணை மூடியபடியே கும்பிட்டார். "அண்ணாச்சி, போயிட்டியளா?"

அடுத்த அறையில் யாரோ ஒப்பாரியே தொடங்கிவிட்டார்!

"போகலலே! நான் போகல!"

அண்ணாச்சி கட்டிலை விட்டிறங்கினார். சங்கும் கையுமாக நடந்தார். நடந்தார் ஐயா! செவிலியர் மேசைவரை, வழியெல்லாம் என்னைத் திட்டிக்கொண்டே.

வேதவல்லி என்னைப் பார்த்த பார்வைக்கு முதலையின் வாயே மேல்.

சத்தம் கேட்டு மேலாளர் ஓடிவந்தார். "சிஸ்டர், இவர் எப்படி நடக்காரு?"

"சங்கு ஊதினோம் சார்."

அவர் பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"பெட்டி நல்லாருக்கும்மா. எல்லாக் கட்டிலுக்கும் செஞ்சு குடுங்க. மேல மட்டும் வேற எதாச்சும் வைங்க." என் பக்கம் திரும்பினார். "சாரைக் கேக்காம வைங்க."

உவமை பொருந்தவில்லை, முழங்கால் பொருந்திவிட்டது.