நேபாளத்தில் என் குடித்தனம்

நாட்டை விட்டே போய்விடுவது என்று நான் முடிவெடுத்ததற்கு அரசியல் காரணம் எதுவும் கிடையாது. காரணம் பாகற்காய்.

எழுபத்தொன்பதாம் வருஷம், ஐப்பசி மாதம். உத்திரமேரூர் பஜாரில் எனக்கு ஒரு ரேடியோ ரிப்பேர் கடை. ஊமையாய் வருகிற ரேடியோ என் கை பட்டால் பேசிவிடும். கடையில் எல்லாரையும் பேச வைக்கிற என்னால் வீட்டில் வாய் திறக்க முடியாது. அங்கே பேசுகிற ஸ்டேஷன் ஒன்றே ஒன்றுதான். பெயர் ஞானசுந்தரி. என் சம்சாரம். கல்யாணமான நாளாய்த் தேடுகிறேன், அந்த ஸ்டேஷனை அணைக்கிற திருகாணி எங்கே இருக்கிறதென்று தெரியவில்லை.

அந்த வாரம் முழுக்க வீட்டில் பாகற்காய். பின்வீட்டு வேலியில் காய்த்துத் தொங்கியது, காசில்லாமல் கிடைத்தது. குழம்பில் பாகற்காய். பொரியலில் பாகற்காய். மோரில் ஊறப்போட்டு, காயப்போட்டு, வறுத்து, அப்பளத்துக்குப் பதிலாகவும் பாகற்காய். தண்ணீர் குடித்தால் தண்ணீர் கசந்தது.

"இன்னா ஞானம், இன்னிக்கும் இதானா? ஒரு உருளைக்கெழங்கு வாங்கக் கூடாதா?"

"உருளைக்கெழங்கு விக்கிற வெல தெரியுமா? வெங்காயம் விக்கிற வெல தெரியுமா? உரிக்காமயே கண்ணுல தண்ணி வருது. ரேடியோவைப் பிரிச்சிப் போட்டுக்கினு கடையில குந்திக்கினு கீறீங்க. உங்களுக்கு இன்னா தெரியும்?"

உரிமையோடு ஒரு உருளைக்கிழங்கு கேட்க முடியாதவனுக்கு எதற்கு ஒரு நாடு?

இந்த மனநிலையில்தான் பச்சமுத்து கடைக்கு வந்தார். மிலிட்டரியில் இருந்து பென்ஷன் வாங்கியவர். டிரான்சிஸ்டரை என் மேஜைமேல் வைத்துவிட்டு என் முகத்தைப் பார்த்தார். ரிப்பேர் ரேடியோவுக்கா எனக்கா என்று சந்தேகம் வந்திருக்க வேண்டும். நான் விலைவாசியைச் சொல்லி அழுதேன்.

"இந்த நாட்டுல குந்திக்கினு ஏன் சாவறே, தாமோதரா? நேபாளம் போ. பாஸ்போர்ட்டு வாணாம், விசா வாணாம். ரயில்ல போயி எறங்கி, பொடிநடையா உள்ள போயிடலாம். இங்க ஒரு மாசம் செலவு பண்றதுல அங்க ஒரு வருசம் ஜமீன்தார் மாதிரி வாழலாம். அரிசி சல்லிசு. கறி சல்லிசு. வூட்டு வாடகை சொன்னா நீ நம்ப மாட்டே."

"நீங்க அங்க இருந்திருக்கீங்களா?"

"எல்லை வரைக்கும் போயிருக்கேன். அங்கியே வெல கொறைய ஆரம்பிச்சிடுச்சி."

உள்ளபடி சொல்லிவிடுகிறேன். நேபாளம் போகிற எண்ணம் எனக்குத் துளியும் இல்லை. செங்கல்பட்டு தாண்டினாலே எனக்குத் தலை சுற்றும். என் திட்டம் வேறு. போகிறேன் என்று சொல்வேன். ஞானசுந்தரி பதறுவாள். கையைப் பிடித்துக்கொண்டு அழுவாள். மறுநாள் இலையில் உருளைக்கிழங்கு விழும். அதற்கப்புறம் படிப்படியாக என் ஆட்சி.

ராத்திரி சாப்பாட்டுக்கு உட்கார்ந்ததும் கணீரென்று அறிவித்தேன். "ஞானம், நான் நேபாளம் போறேன்."

"நேர்வாளமா? அது பேதிக்குக் குடுக்கற கொட்டையாச்சே. வயிறு சரியில்லியா?"

"நேபாளம்டி! தனி நாடு! காத்மாண்டுன்னு பட்டணம்!"

"பேருலயே மாண்டுன்னு கீதே. வேற நல்ல பேரா ஒரு நாடு கெடைக்கலியா? சிங்கப்பூரு?"

"அங்க வாடகை ஜாஸ்தி."

"பர்மா?"

"அங்கேருந்து நம்ம ஆளுங்க எல்லாரும் திரும்பி வந்துட்டாங்க."

"துபாயி?"

"துபாய் போனா வேலை செய்யணும்."

"நேபாளத்துல?"

"சும்மா இருந்தாலே போதும். அவ்ளோ சல்லிசு."

"அப்ப இங்க செய்யறதைத்தான் அங்கயும் செய்யப் போறீங்க" என்றாள்.

கடைசி ஆயுதத்தை எடுத்தேன். "தனியாத்தான் போறேன். திரும்பி வர்றது சந்தேகம்." தலையைக் குனிந்துகொண்டு அழுகைக்காகக் காத்திருந்தேன். தட்டில் இன்னொரு கரண்டி பாகற்காய் விழுந்தது.

"எப்போ?"

"எப்போன்னா... வெள்ளிக்கெழம."

"வெள்ளிக்கெழம வடக்கே சூலம் கெடையாது. தாராளமாப் போங்க."

விடிவதற்குள் தெருவுக்கே தெரிந்துவிட்டது. எதிர்வீட்டு வேதகிரி வந்து என்னைக் கட்டிப் பிடித்தான். நெல் மண்டி வைத்திருப்பவன். பேச்சும் மூட்டை கணக்கில்தான் வரும். "போயிட்டு ரெண்டு உருத்திராட்சம் அனுப்பு, தாமோதரா" என்றான். அவன் சம்சாரம் சொக்கம்மாள் கைக்கடிகாரம் கேட்டாள். போகாதே என்று ஒரு வார்த்தை சொல்ல அந்தத் தெருவில் ஒரு நாதியில்லை. வியாழக்கிழமை எனக்கு ஜுரம் என்று படுத்துப் பார்த்தேன்.

"அங்க பனிமலை கீதாம். ஜொரம் தானா எறங்கிடும்" என்று சொல்லிக்கொண்டே ஞானசுந்தரி என் இரண்டு போர்வைகளையும் மடித்து மூட்டை கட்டினாள்.

வெள்ளிக்கிழமை பஸ் ஸ்டாண்டில் எனக்கு மாலை போட்டார்கள். செவ்வந்தி மாலை. கழுத்தில் எறும்பு கடித்தது. புளிசோற்றுப் பொட்டலத்தை மடியில் வைத்துவிட்டு ஞானசுந்தரி ஜன்னலோரம் நின்றாள். அவள் கண்ணையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு சொட்டு வந்திருந்தால் போதும், குதித்து இறங்கியிருப்பேன். வரவில்லை. பஸ்தான் கிளம்பியது.

காஞ்சிபுரத்துக்கு டிக்கெட் வாங்கியவன், மாகறலில் இறங்கிவிட்டேன்.

மாகறலில் வேதாசலம் இருந்தான். என்னோடு பள்ளிக்கூடத்தில் படித்தவன். செய்யாற்று ஓரம் அவனுக்கு நிலமும், கிணற்றுமேட்டில் ஒரு மோட்டார் கொட்டகையும் உண்டு. அவன் சம்சாரம் பெண்ணின் பிரசவத்துக்குத் துணையாகப் போயிருந்தாள். விஷயத்தைச் சொன்னேன். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான்.

"இருந்துட்டுப் போ. ஆனா சும்மா குந்தக் கூடாது. தண்ணி பாய்ச்சற ஆளு நின்னுட்டான், அதை நீ பாத்துக்க."

"இன்னா பயிர் வெச்சிருக்கே?"

அவன் கை காட்டினான். பந்தல் போட்டு, பச்சைப் பசேலென்று, ஏக்கர் கணக்கில் பாகற்காய்.

என் நேபாள வாழ்க்கையை விவரிக்க எனக்குத் தெம்பில்லை. பகலெல்லாம் மண்வெட்டியோடு வாய்க்காலில் நின்றேன். கொட்டகையில் படுத்தால் கொசு என் ரத்தத்தை ஜமீன்தார் மாதிரி குடித்தது. வேதாசலம்தான் சமைப்பான், என்ன சமைப்பான் என்று கேட்க வேண்டாம். சாப்பிட்டதும் ஒரு வார்த்தை பேசாமல் தூங்கிவிடுவான். நல்ல மனுஷன், ஆனால் பேச்சே கிடையாது. பேச்சே இல்லாத இடத்தில் இருந்தால் சொர்க்கம் என்று நான் அதுவரை நினைத்திருந்தேன். மூன்றாம் நாளே காது அரித்தது. ஏதாவது ஒரு குரல் என்னைத் திட்டினால் தேவலை என்று இருந்தது. உத்திரமேரூர் பஸ் ரோட்டில் ஹாரன் அடித்துக்கொண்டு போகும்போதெல்லாம் மண்வெட்டியைப் போட்டுவிட்டு வரப்புமேல் ஏறி நின்று பார்ப்பேன். பஸ் போய்விடும். தண்ணீர் மடை உடைத்துக்கொண்டு அடுத்தவன் கொல்லைக்குப் போய்விடும். வேதாசலம் அப்போது மட்டும் பேசுவான்.

கார்த்திகை தீபத்தன்று என்னால் முடியவில்லை. மூட்டையைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறிவிட்டேன்.

தாடியும், ஒட்டிய கன்னமுமாய்த் தெருவில் நுழைந்தேன். ஜனம் கூடிவிட்டது. ஞானசுந்தரி சொம்பில் மோர் கொண்டுவந்து கொடுத்தாள். ஒரு கேள்வி கேட்கவில்லை. அவள் கேட்காமல் இருந்ததில் எனக்குத் தைரியம் வந்தது. அந்தத் தைரியம்தான் என்னைக் கெடுத்தது.

வேதகிரிதான் ஆரம்பித்தான். "பனி பெய்யற ஊருக்குப் போயி இப்டிக் கறுத்துட்டியே?"

"பனிமேல வெயில் பட்டா ரெட்டிப்பாச் சுடும் வேதகிரி. போனவனுக்குத்தான் தெரியும்."

ஆ என்றார்கள். என் வாழ்நாளில் என்னைப் பார்த்து யாரும் ஆ என்றதில்லை. வாய் தானாக ஓடியது. அரிசியை அள்ளிக் கொடுக்கிறார்கள் என்றேன். பாலுக்குக் காசு வாங்கினால் பாவம் என்று நினைக்கிறார்கள் என்றேன். பசுபதிநாதர் கோயிலில் என்னை முன்னால் கூப்பிட்டு நிற்க வைத்தார்கள் என்றேன். இவ்வளவு நேரம் வாசற்படியில் நின்று பவ்யமாய்க் கேட்டுக்கொண்டிருந்த ஞானசுந்தரி மெதுவாகக் கேட்டாள்.

"செலவு ரொம்ப ஆவுமாங்க?"

"செலவா? உத்திரமேரூர்ல குந்தி சாப்புடறதைவிட அங்க போயி வர்றது சல்லிசு!"

"வழியில பயம் கியம்?"

"இன்னா பயம்? கைக்கொழந்தையைக் கூடத் தனியா அனுப்பலாம்!"

"பொம்பளைங்களா சேர்ந்து போனா?"

"ராணி மாதிரி போயிட்டு வரலாம்!"

ஞானசுந்தரி தெருவைப் பார்த்துத் திரும்பினாள்.

"எல்லாரும் கேட்டுக்கினீங்களா? காஞ்சிபுரத்துலேருந்து தை மாசம் காசி, நேபாளம்னு யாத்திரை பஸ்ஸு பொறப்படுது. நாங்க மாசாமாசம் சீட்டுக் கட்டி எடுத்த பணம் கையில கீது. வருசா வருசம் நாங்க கேக்கறப்போ எல்லாம் தூரம், செலவு, பயம்னு நம்ம வூட்டு ஆம்பளைங்கதான் வாணாம்னாங்க. இப்ப நேர்ல பாத்த மனுசரே சொல்லிட்டாரு."

நேர்வாளமா என்று அன்றைக்கு ஒன்றும் தெரியாதவள் மாதிரிக் கேட்டவள் இவள்தான். அப்படி வேண்டாம் என்றவர்களுக்குத் தலைவனே நான்தான். போன வருஷம் கோயில் வாசலில் எல்லாப் புருஷன்மார்களையும் கூட்டி, "நேபாளத்துல தண்ணிகூட யானை விலை" என்று அடித்துச் சொன்னதும் நான்தான்.

சொக்கம்மாள் கையெடுத்துக் கும்பிட்டாள். "அண்ணே, உங்க வாய்க்கு சக்கரை போடணும்!"

வேதகிரி என்னைப் பார்த்தான். அவன் பார்வையில் இருந்தது சர்க்கரை இல்லை.

கூட்டம் கலைந்தது. ஞானசுந்தரி உள்ளே அகல் விளக்குகளுக்குத் திரி போட்டுக்கொண்டிருந்தாள். பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

"ஞானம், ஒண்ணு சொல்லணும். நான் நேபாளமே போகல."

"தெரியும்."

"இன்னா தெரியும்?"

"நீங்க மாகறல்ல எறங்கினது தெரியும். போன பஸ்ஸு அன்னிக்கே திரும்பி வராதா? கண்டக்டரு சொன்னாரு, உங்க வூட்டுக்காரரு மாலையும் கழுத்துமா மாகறல்ல எறங்கி, வாழத்தோப்புக்குள்ள ஓடறாருன்னு. அப்பறம் தெனமும் பாகக்கா பந்தலோரம் மண்வெட்டியைப் போட்டுட்டு, வரப்புமேல ஏறி பஸ்ஸைப் பாக்கறீங்கன்னும் சொன்னாரு."

"தெரிஞ்சும் ஏன் வந்து கூப்டல? கொசுக்கடில செத்தேன்டி நானு!"

"கூப்ட்டுக்கினு வந்திருந்தா, இன்னிக்குத் தெருவே கூடி நிக்கறப்போ நேபாளத்தைப் பத்தி யாரு இவ்ளோ அழகாச் சொல்லுவாங்க?"

எனக்கு ரோஷம் வந்தது.

"இப்பவே போயி எல்லார்கிட்டயும் உண்மையைச் சொல்றேன் பாரு!"

"சொல்லுங்க. ஒரு மாசமா பாகக்கா பந்தலுக்குத் தண்ணி பாய்ச்சினேன்னு சொல்லுங்க. பாலுக்குக் காசே வாங்கலன்னு வாயப் பொளந்தாங்களே, அவங்க மூஞ்சைப் பாத்தே சொல்லுங்க." திரியை எண்ணெயில் நனைத்தாள். "இந்த வெளக்கையும் அப்டியே வாசல்ல வெச்சிட்டுச் சொல்லுங்க."

விளக்கை மட்டும் வைத்துவிட்டு வந்தேன்.

தை மாதம் பெருமாள் கோயில் வாசலில் யாத்திரை பஸ் வந்து நின்றது. எங்கள் தெருப் பெண்கள் அத்தனை பேரும் ஏறினார்கள். சிரிப்பும் சத்தமுமாய் பஸ்ஸே ஆடியது. ஞானசுந்தரிக்கு ஜன்னலோரம் இடம். என்னைக் கூப்பிட்டு, மாட்டுக்குத் தண்ணீர் காட்டச் சொன்னாள். கொல்லைக் கதவைச் சாத்தச் சொன்னாள். உடம்பைப் பார்த்துக்கொள்ளச் சொன்னாள். பஸ் நகர்ந்தது. கண் கலங்கிவிட்டது. எனக்குத்தான்.

புழுதி அடங்கியபோது திரும்பிப் பார்த்தேன். தெருவிலுள்ள புருஷன்மார்கள் எல்லாரும் வரிசையாய் நின்றார்கள். எல்லார் பார்வையும் என்மேல்தான். வேதகிரி முன்னால் வந்தான். தோளில் கை போட்டான். மூட்டை மாதிரி கனத்தது அந்தக் கை.

"நாங்க பேசி வெச்சிட்டோம் தாமோதரா. அவங்க திரும்பி வர்ற வரைக்கும் எங்க எல்லாருக்கும் சோறு உன் வூட்லதான்."

சொல்லிவிட்டு எல்லாரும் என் வீட்டை நோக்கி நடந்தார்கள். அடுப்பை எப்படிப் பற்ற வைப்பது என்று யாரையாவது கேட்கலாமென்றால், அது தெரிந்தவர்கள் அத்தனை பேரும் காசி ரோட்டில் போய்க்கொண்டிருந்தார்கள்.